கிருமியைக் கொல்லாமல் கல்லைத் தடுக்கும் மாத்திரை

பாம்பன், மண்டபம், தொண்டி என இராமநாதபுரம் கடற்கரையில் மீன் இறங்கும் எந்த இடத்திலும், நாள் கடந்த திருக்கையையும் சுறாவையும் கண்ணால் பார்க்கும் முன்னே மூக்கு கண்டுபிடித்துவிடும். அது அம்மோனியாவின் நெடி. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுப்பதற்காக இந்த மீன்கள் தம் உடலில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கின்றன. அவை இறந்த பின், பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்னும் நொதியைக் கொண்டு அந்த யூரியாவை உடைக்கும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. இதே வினை, இதே வகை நொதியால், உயிரோடிருக்கும் மனிதரின் சிறுநீர்ப்பாதையிலும் நடக்கக்கூடும். நாள்பட்ட சிறுநீர்த் தொற்றுகளில் ஒரு வகை மிகவும் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவே காரணம். அந்த நொதியை முடக்கும் அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலம் என்னும் மாத்திரையைப் பற்றித்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியா வழக்கமாக யூரியேஸை உண்டாக்குவதில்லை. புரோட்டியஸ் என்னும் பாக்டீரியா அதை ஏராளமாக உண்டாக்குகிறது. கிளெப்சியெல்லா போன்ற வேறு சிலவற்றுக்கும் அந்தத் திறன் உண்டு. ஒரு யூரியா மூலக்கூறு உடைந்தால் இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் கிடைக்கின்றன. வழக்கமாகச் சற்றே அமிலத்தன்மையுடன், பி.எச். அளவு 6 அளவில் இருக்கும் சிறுநீர், இந்த அம்மோனியாவால் காரத்தன்மைக்கு மாறி 7-ஐத் தாண்டுகிறது. வாலிநோக்கம் உப்பளத்தின் பாத்தியில் நீர் வற்ற வற்றத்தான் உப்பு படியும்; இங்கோ நீர் சிறிதும் வற்றாமலே, காரத்தன்மை கூடிய ஒரே காரணத்தால், அதுவரை கரைந்திருந்த மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியத்தோடு சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்னும் படிகமாகப் படிகின்றன. சில வாரங்களிலேயே இது பெருங்கல்லாக வளர்ந்து, சிறுநீரகத்தின் உட்குழிவுகளையெல்லாம் நிரப்பி, மான்கொம்பைப் போலக் கிளைவிடக்கூடும். கல் வளரும்போதே பாக்டீரியாக்கள் அதற்குள் சிறைப்படுவதால் ஆன்டிபயாட்டிக் அவற்றை எட்டுவதில்லை. மருந்து சாப்பிடும் வரை தொற்று அடங்கியிருந்து, நிறுத்தியதும் மீண்டும் தலைதூக்குவது இதனால்தான்.

நம் பகுதியில் சிறுநீரகக் கல் என்றாலே கிணற்றின் உப்புத் தண்ணீர் மீது பழி போடுவது வழக்கம். வெயிலில் உழைத்துவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காமலிருந்தால் கால்சியம் ஆக்சலேட் போன்ற கற்கள் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் தொற்றினால் வரும் கல்லின் வேர் தண்ணீரில் இல்லை, நொதியில் இருக்கிறது. வாழைத்தண்டுச் சாற்றை நம்பி இந்தக் கல்லோடு மாதக்கணக்கில் காத்திருப்பது சிறுநீரகத்தையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

அந்த நொதிக்கு வேதியியலில் தனிப் புகழ் உண்டு. 1926-ஆம் ஆண்டு ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க அறிவியலாளர், நாம் தம்பட்டங்காய் என்று சமைக்கும் அவரையின் நெருங்கிய உறவான ஒரு கொடியின் விதைகளிலிருந்து யூரியேஸைப் பிரித்துப் படிகமாக்கினார். முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி அதுதான். அப்பணிக்காக அவருக்கு 1946-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. யூரியேஸில் நிக்கல் இருப்பது 1975-இல்தான் தெரியவந்தது. அதன் வினைபுரியும் குழிவில் இரண்டு நிக்கல் அயனிகள் அருகருகே அமர்ந்திருக்கின்றன. யூரியா அவற்றின் பிடியில் வந்து சேரும்போது, அவற்றோடு இணைந்திருக்கும் நீர்க்கூறு அதைத் தாக்கி உடைக்கிறது.

அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலம் என்னும் மருந்து வேலை செய்வது இந்தக் குழிவில்தான். யூரியாவை ஒத்த சிறிய மூலக்கூறான அது, தன் ஆக்சிஜன் அணுக்களால் இரண்டு நிக்கல் அயனிகளையும் பற்றிக்கொள்கிறது. யூரியாவைப்போல் அதை நொதியால் எளிதில் உடைத்துத் தள்ள முடிவதில்லை. இடம் அடைபட்டதால் யூரியாவும் உள்ளே நுழைய முடிவதில்லை. அம்மோனியா குறைய, சிறுநீரின் காரத்தன்மை தணிய, புதிய படிகம் உண்டாவது மட்டுப்படுகிறது. பாக்டீரியா சாவதில்லை என்பதால், ஆன்டிபயாட்டிக்கும் கூடவே தேவைப்படுகிறது. மனித உடல் யூரியேஸை உண்டாக்குவதே இல்லை. ஆகவே தாக்கும் இலக்கைப் பொறுத்தவரை இது நேர்த்தியான மருந்து என்றே சொல்வேன்.

நடைமுறை அவ்வளவு நேர்த்தியாக இல்லை. 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, வழக்கமாக 250 மில்லிகிராம் மாத்திரையாக நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை கொடுக்கப்படுகிறது. மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் கல்லின் வளர்ச்சியை அது தடுத்தது தெரிந்தது. ஆனால் தலைவலி, குமட்டல், கைநடுக்கம் ஆகியவற்றால் பலர் பாதியிலேயே நிறுத்தினார்கள். நிக்கலைப் பற்றும் அதே வேதிக்குணம் இரும்பையும் பற்றுவதால், இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரண்டுமே சரியாக உட்கிரகிக்கப்படாமல் போகலாம். சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை உண்டாவதால் இரத்தப் பரிசோதனை அவசியம். மது அருந்தினால் தோலில் தடிப்பு எழும். கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. சிறுநீரகத்தின் வழியாகத்தான் மருந்து சிறுநீரைச் சென்றடைகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 2.5 மில்லிகிராமைத் தாண்டியவர்களுக்கு அது சிறுநீரில் சேராமல் இரத்தத்தில் தேங்குவதால் அவர்களுக்கும் ஏற்றதல்ல.

ஆகவே கல்லை அறுவை சிகிச்சையால் முழுவதும் அகற்றுவதே இன்றும் முதல் வழி. அதைத் தாங்க இயலாதவர்களுக்கும், ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாதபோதும் இம்மாத்திரை துணைக்கு வருகிறது. சாயல்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, நிரந்தரமாக டியூப் வழியே சிறுநீர் கழிப்பவர்கள் இத்தகைய தொற்றுக்கு எளிதில் ஆளாகிறார்கள்; அந்த டியூபுக்குள்ளும் இதே படிகம் படிந்து அடைத்துக்கொள்கிறது. தொற்று திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் அறிக்கையில் பாக்டீரியாவின் பெயரையும், சிறுநீர்ப் பரிசோதனையில் பி.எச். அளவையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புரோட்டியஸ் என்ற பெயரும் 7-க்கு மேற்பட்ட எண்ணும் சேர்ந்து வந்தால், வலியே இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுத்துக் கல் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை.