அட்டையில் சுயதொழில், குதிகாலில் சேறு

மழை பிடித்ததிலிருந்து, மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயோடு என்னிடம் வந்ததில் இவர் மூன்றாவது ஆள். மூவரும் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்காரர்கள், மூவருக்கும் சர்க்கரை, மூவரும் வயலில் இறங்குகிறவர்கள். என்னிடம் வந்து சேரும்வரை "நீங்கள் வயலில் இறங்குவீர்களா" என்று ஒருவரையும் யாரும் கேட்டிருக்கவில்லை. முதல் இருவர் பிழைத்து ஊர் போய்விட்டார்கள். மூன்றாமவர் போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். அந்த எரிச்சலில் எழுதுவதால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவின் பினாங்கில் மருத்துவம் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஆச்சே நோயாளிகள் புதிதல்ல. பந்தா ஆச்சேயில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். சொந்த ஊரில் 2010 முதலே மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. இருந்தாலும் ஒரு நோய் இரண்டு மாதம் இழுத்துவிட்டால் நகையை விற்றுவிட்டு இங்கே கிளம்பிவிடுகிறார்கள். தங்கத்தை அவர்கள் பவுனில் எண்ணுவதில்லை, மாயம் என்றொரு கணக்கு. ஒரு மாயம் மூன்றேகால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். இவர் மனைவியின் பத்து மாயத்தை விற்று வந்தவர்.

வயது 54. சாயங்காலமானால் காய்ச்சல், இருமல், பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போடும் அளவுக்கு இளைப்பு. எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்ததும் காசநோய் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். சளியில் கிருமி தெரியவில்லை. மாத்திரை மூன்றாம் மாதத்தில் ஓடுகிறது, காய்ச்சல் மட்டும் நின்றபாடில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 12.4 சதவீதம். கோப்பில் தொழில் என்ற கட்டத்தில் 'விராஸ்வாஸ்தா' என்று இருந்தது. இந்தோனேசிய அடையாள அட்டையில் பல பேருக்கு இதுதான் எழுதியிருக்கும், சுயதொழில் என்று அர்த்தம். அட்டையைப் பார்த்து எங்கள் ஆட்களும் வியாபாரி என்று பதிந்து வைத்திருந்தார்கள்.

போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். (இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: நோயாளி கடைசியாகக் காட்டுவது கால்தான், கேட்காமல் காட்டமாட்டார்.) வெடித்த குதிகால், வெடிப்புக்குள் கழுவினாலும் போகாத மண் நிறம், கணுக்காலுக்கு மேலே ஆறிப்போன ஒரு வெட்டுத் தழும்பு.

"பாக், நெல் வயலா?" என்றேன். 'பாக்' என்றால் ஐயா.

"வயல் இல்லாமல் வேறென்ன, டாக்டர்?" என்றார், இது ஒரு கேள்வியா என்பதைப்போல.

ஸ்கேனில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேன்கூடு மாதிரி சீழ்க்கட்டிகள். அன்று ராத்திரியே சரியான மருந்தை ஏற்றினோம். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் நான் பயந்த கிருமியே வளர்ந்திருந்தது. ஆறாம் நாள் நுரையீரல் கைவிட்டது.

முதலில் சொன்ன மெலியோய்டோசிஸ்தான் அது. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் ஊரைத் தெரிந்துகொண்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் இதே நோயில் பிழைத்துப்போன ஒருவர் விடாமல் கூப்பிட்டார் என்று ஆச்சேயின் பிடியே மாவட்டத்துக்குப் போயிருந்தேன். பந்தா ஆச்சேயிலிருந்து செலாவா மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கினால், மலைக்கும் மலாக்கா நீரிணைக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் நெல். ஆச்சேயில் 6,000-க்கும் மேற்பட்ட கம்போங்குகள் இருக்கின்றன. நம் கிராமம்தான் அவர்களுக்குக் கம்போங். நான் போனது அதில் ஒரு சின்ன ஊர், நூற்றைம்பது வீடு இருந்தால் அதிகம். தென்னை, பாக்கு, மெலிஞ்சோ மரம். ஊர் நடுவில் மெனாசா என்கிற தொழுகைக்கூடம், ஊர்க்கூட்டமும் வழக்கும் அதிலேதான். திண்ணைகளில் பெண்கள் மெலிஞ்சோ விதையைச் சூட்டு மணலில் வறுத்து, தோட்டை உடைத்து, கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டாகத் தட்டி அப்பளமாக்கிக்கொண்டிருந்தார்கள். டக் டக் என்ற அந்தச் சத்தம்தான் ஊர் முழுக்க. காய்ந்ததும் பெருனுன் சந்தைக்குப் போய்விடும்.

ஊர்த் தலைவருக்குக் கெச்சிக் என்று பெயர். மூத்தோர் சபை ஒன்று உண்டு. வயல் விஷயத்தில் மட்டும் கெஜ்ருன் பிளாங் என்பவர் வைத்ததுதான் சட்டம் ('பிளாங்' என்றால் நெல் வயல், நான் வந்திறங்கிய விமான நிலையம் இருக்கும் ஊரே பிளாங் பிந்தாங்). நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி மாதிரிதான், ஆனால் அதிகாரம் கூடுதல். எந்த நாளில் வாய்க்கால் திறப்பது, எப்போது நாற்று விடுவது, யார் வரப்பை வெட்டித் தண்ணீர் திருடியது, எல்லாம் அவர் கையில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிகிறவரை யாரும் வயலில் கால் வைக்கக்கூடாது. நடவுக்கு முன் வயல் ஓரத்திலேயே ஆடோ மாடோ அறுத்து ஊரே சாப்பிடும். அதற்குப் பெயர் கந்தூரி. ஆமாம், நாகூரில் சொல்கிற அதே சொல்தான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கெச்சிக் அலுவலகச் சுவரில் ஒரு பலகை. விவசாயி இத்தனை பேர், வணிகர் இத்தனை பேர், அரசு ஊழியர் இத்தனை, சுயதொழில் இத்தனை என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள். அழகான பலகை, மருத்துவருக்கு ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. தண்ணீர் திறந்துவிட்டால் பள்ளி ஆசிரியர் இறங்குகிறார், காப்பிக் கடைக்காரர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இறங்குகிறார், மெலிஞ்சோ வாங்கி விற்பவர் இறங்குகிறார். நிலம் ஜகார்த்தாவிலோ மலேசியாவிலோ இருக்கும் பெரியப்பா பெயரில் இருக்கும், இங்கே ஒருவர் வாரத்துக்கு உழுது விளைச்சலைப் பங்கு போட்டுக்கொள்வார். இதற்கு மாவா என்று பெயர். அவர் அட்டையில் விவசாயி என்று இருக்காது, பட்டாவிலும் பெயர் இருக்காது, காலில் மட்டும் சேறு இருக்கும்.

சரி, இப்போது என்னை அதிகம் கடுப்பேற்றும் விஷயத்துக்கு வருகிறேன். "உழைக்கிறவனுக்குச் சர்க்கரை வராது."

இதை ஆச்சேயில் கேட்டிருக்கிறேன், பக்கத்துக் கெடா மாநிலத்தில் கேட்டிருக்கிறேன், தஞ்சாவூரிலிருந்து வந்த என் சொந்த மாமாவிடமும் கேட்டிருக்கிறேன். சர்க்கரை பணக்கார வியாதியாம், ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வருவதாம், வயலில் வேர்வை சிந்தினால் எல்லாம் கரைந்துவிடுமாம். ஐயா, நீங்கள் வருடத்தில் எத்தனை நாள் உழைக்கிறீர்கள்? உழவு பவர் டில்லரில். அறுவடைக்குப் பெரிய எந்திரம் வந்து ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டுப் போகிறது. நடவுக்கு இரண்டு வாரம், களைக்குக் கொஞ்சம், மருந்தடிக்கக் கொஞ்சம். மீதி நாள் எங்கே? காப்பிக் கடையில். ஆச்சேக் காப்பியைத் துணி வடிகட்டியில் ஊற்றி, தலைக்கு மேலே தூக்கி இழுத்து ஆற்றிக் கொடுப்பார்கள், அருமையான காப்பி, குறை சொல்லமாட்டேன். ஆனால் கிளாஸின் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சர்க்கரை கரையாமல் கிடக்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஒன்று, ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு கூட்டாளிகளோடு இன்னொன்று. மூன்று வேளையும் சோறு. அப்புறம் எப்படி ஐயா கரையும்? சர்க்கரை என்றால் குண்டாக இருக்கவேண்டும் என்பதும் இதன் தம்பிதான். என்னிடம் வந்த மூவரில் ஒருவர்கூடக் குண்டு இல்லை, வயிறு ஒட்டிய ஆட்கள். அப்பன் தாத்தாவுக்கு இல்லையே என்பார்கள். தாத்தாவுக்கு யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? மாத்திரை கொடுத்தால் இரண்டு மாதம் போட்டு, எண் இறங்கியதும் "சரியாகிவிட்டது டாக்டர்" என்று நிறுத்திவிடுவது அடுத்த கூத்து. மாத்திரையால்தான் இறங்கியது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லி என் தொண்டை காய்ந்துவிட்டது.

சர்க்கரைக்கும் இந்த நோய்க்கும் என்ன உறவு? மெலியோய்டோசிஸ் கிருமி ஈர மண்ணில் குடியிருப்பது. மழை பெய்தால் மேலே வரும். காலில் ஒரு கீறல், வெடித்த குதிகால், கொதிக்க வைக்காத தண்ணீர், பேய்மழையில் மூக்கில் ஏறும் சாரல், இதெல்லாம் வாசல். உடம்பு நன்றாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் "என் பக்கத்து வயல்காரனுக்கு வரவில்லையே" என்ற வாதமும் எடுபடுவதில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைக்காரரைத்தான் இது தேடிப் பிடிக்கும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு உலகம் முழுக்க வருடத்துக்கு 1,65,000 பேருக்கு வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. பாதிக்கு மேல் சாவு. 2004 சுனாமியில் சேற்றுத் தண்ணீர் குடித்துத் தப்பிய ஆச்சேக்காரர்களிடம் இது பதிவாகியிருக்கிறது. புதிய நோயும் அல்ல. 1912-ல் ரங்கூனிலிருந்து இதை முதன்முதலில் எழுதிய இருவரில் ஒருவர் விட்மோர், மற்றவர் கிருஷ்ணசாமி. முதல் பெயர் மட்டும் பாடப்புத்தகத்தில் நின்றுவிட்டது, அது வேறு கதை.

சக மருத்துவர்களுக்கும் ஒரு குட்டு. சளியில் காசநோய்க் கிருமி தெரியவில்லை, மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்கவில்லை, ஆளுக்குச் சர்க்கரை, ஊர் நெல் ஊர். இத்தனையும் இருந்தும் ரத்தத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்சருக்கு அனுப்பாமல் மாத்திரையைத் தொடர்வது என்ன நியாயம்? ஆய்வகத்தில் இந்தக் கிருமி வளர்ந்தாலும் "ஏதோ அழுக்குக் கிருமி கலந்துவிட்டது" என்று தூக்கிப் போட்டுவிடுவதும் நடக்கிறது. நெல் ஊர்க்காரர் என்று சீட்டில் எழுதி அனுப்புங்கள், அவர்கள் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார்கள். மற்ற காய்ச்சல்களுக்கு வழக்கமாகப் போடும் ஊசிகளில் பல இதைத் தொடாது. இதற்கென்று இருக்கும் ஊசியை இரண்டு வாரமாவது போட்டு, பிறகு மூன்று முதல் ஆறு மாதம் மாத்திரை. நடுவில் விட்டால் திரும்பி வரும். தடுப்பூசி கிடையாது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது தாண்டிய எல்லோரும் வாய்க்கால் திறப்பதற்கு முன்பே சர்க்கரை பாருங்கள். ஆச்சேயில் மாதந்தோறும் கம்போங்கிலேயே போஸ்பிண்டு என்ற சுகாதார முகாம் போட்டு விரலில் குத்திப் பார்க்கிறார்கள், அங்கே போக என்ன கஷ்டம்? காலில் புண் இருந்தால் ஆறுகிறவரை வயலில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் நீர் புகாமல் கட்டிக்கொண்டு இறங்குங்கள், ஏறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புண்ணில் மண்ணை அப்பாதீர்கள், தயவுசெய்து. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். காற்றும் மழையுமாக அடிக்கும்போது குடிசைக்குள் போய் உட்காருங்கள், நாற்று ஓடிப்போகாது.

அப்புறம் பூட்ஸ். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். தோட்டத்துக்குப் போடும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நெல் சேற்றில் இறங்கினால் இரண்டாம் அடியில் கால் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நிற்கும். உண்மைதான், பிடியேயில் நானே இறங்கிப் பார்த்து ஒரு பூட்ஸை இழந்தேன், பையன்கள் தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் வயலுக்கென்றே முழங்கால்வரை காலுறை மாதிரி ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய ரப்பர் பூட்ஸ் இந்தோனேசியச் சந்தையில் கிடைக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு கம்போங்குக்கும் நேரடியாகக் கிராம நிதி வருகிறது, வரவு செலவை ரோட்டோரம் பேனர் அடித்து வைக்கிறார்கள். ஊர் வாசலில் வளைவு கட்டுவதற்குப் பதில் ஒரு வருடம் பூட்ஸ் வாங்கினால் என்ன? கெஜ்ருன் பிளாங் சொன்னால் வெள்ளிக்கிழமை ஒரு கால்கூட வயலில் படுவதில்லையே, அவர் கந்தூரியில் எழுந்து "இந்தப் போகம் சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு இறங்கக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் என் நூறு பிரசங்கத்துக்குச் சமம்.

காய்ச்சல் வந்து எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்: நான் வயலில் இறங்குகிறவன், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. காவிரிப் படுகையில் இருப்பவர்களும் இலங்கையில் இருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலூரிலும் இலங்கையிலும் இந்த நோயை ஏற்கனவே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உடலைக் கொண்டுபோகும் காகிதங்களில் கையெழுத்துப் போட மகன் வந்தார். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு, அதே வயலில்தான் நாற்று நடுவார் என்றார். அவரை இறங்கவிடாதீர்கள் என்று சொன்னேன். "இந்த நடவுக்கு இறங்கமாட்டார் டாக்டர், நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறது. நான்தான் இறங்கணும்." (கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் காலம்தான் இத்தா.)

உங்களுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா என்றேன்.

"எனக்கு முப்பத்தொண்ணுதான் ஆகிறது."

விரலை நீட்டச் சொன்னேன். மீட்டர் 13.2 காட்டியது. இந்தியக் கணக்கில் 238.