மயிரிழையில் தவறும் ஃபோகஸ்

நடிகருக்கும் கேமராவுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தாயிற்று: சரியாக 3 மீட்டர். லென்ஸின் ஃபோகஸ் வளையமும் 3 மீட்டர் கோட்டில்தான் நிற்கிறது. ஆனால் மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் முகம் லேசாக மங்கியிருக்கிறது, பின்னால் உள்ள சுவர் பளிச்சென்று தெரிகிறது. முதல் பழி, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் உதவியாளரான ஃபோகஸ் புல்லர் மீது விழும், அடுத்த பழி லென்ஸ் மீது. பல சமயம் இருவருமே நிரபராதிகள். பிழை கேமராவின் முகப்பில், லென்ஸ் மவுண்டுக்கு அடியில் இருக்கும். அளவு? ஒரு தலைமுடியின் தடிமனில் கால்வாசி.

லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்தின் முகத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரத்துக்கு ஃபிளேஞ்ச் தூரம் என்று பெயர். மவுண்டுக்கு மவுண்ட் இது மாறும். சினிமாவில் நெடுங்காலமாகப் புழங்கும் பிஎல் மவுண்டுக்கு 52.00 மில்லிமீட்டர், கேனான் இஎஃப் மவுண்டுக்கு 44.00, சோனி இ மவுண்டுக்கு 18. புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த இரண்டு பூஜ்யங்களை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. வேலையே அங்கேதான்.

இந்தத் தூரம் 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர், குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் இருக்க வேண்டிய இடத்தைவிட அவ்வளவு முன்னால் வந்துவிட்டது. 100 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி 3 மீட்டரில் வைத்தால், உண்மையில் ஃபோகஸ் விழுவது சுமார் 3.02 மீட்டரில். பெரிய விஷயமில்லை. அதே கேமராவில் 18 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி அதே 3 மீட்டர் கோட்டில் வையுங்கள். இப்போது ஃபோகஸ் 3.7 மீட்டருக்குப் போய்விடும். பிழை, ஃபோகல் நீளத்தின் (18, 100 என்று லென்ஸைக் குறிக்கும் அந்த மில்லிமீட்டர் எண்ணின்) வர்க்கத்தோடு எதிர்விகிதத்தில் மாறுவதால் வரும் வினை இது. சென்சாரில் விழும் மங்கலின் அளவு இரண்டு லென்ஸிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் லென்ஸில் செதுக்கிய எண்கள் பொய் சொல்லும் அளவில்தான் இவ்வளவு வித்தியாசம். வைட் லென்ஸில் கண்ணால் பார்த்து ஃபோகஸைப் பிடிப்பதும் கடினம், எண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கும். சரியாக அந்த இடத்தில்தான் எண் காலை வாருகிறது.

பிழை எந்தப் பக்கம் என்று வளையத்தின் கடைசியில் உள்ள இன்ஃபினிட்டி (எல்லையற்ற தூரம்) குறியே சொல்லிவிடும். ஃபிளேஞ்ச் தூரம் குறைவாக இருந்தால், வெகு தூரத்துக் கட்டடம் வளையம் இன்ஃபினிட்டியைத் தொடும் முன்பே தெளிந்துவிடும். மேலே சொன்ன 18 மில்லிமீட்டர் லென்ஸில் இது 16 மீட்டர் குறியிலேயே நடக்கும். ஃபிளேஞ்ச் தூரம் அதிகமாக இருந்தால் வளையம் கடைசிவரை போய் முட்டினாலும் கட்டடம் தெளியாது. இது இன்னும் மோசம், ஏனென்றால் முன்னதில் வளையத்தைத் திருப்பிச் சமாளிக்கலாம், இதில் அந்த வழியும் இல்லை. ஜூம் லென்ஸில் வேறொரு அடையாளம் உண்டு: டெலியில் (காட்சியைக் கிட்டே இழுத்து) ஃபோகஸ் செய்துவிட்டு வைடுக்கு (அகலக் காட்சிக்கு) வந்தால் படம் மெதுவாக மங்கும்.

ஃபிலிம் கேமரா காலத்தில் ஆழமானி ஒன்றை மவுண்டில் வைத்து, ஃபிலிம் தங்கும் இடம்வரை அதன் ஊசியை இறக்கி அளந்துவிடுவார்கள். டிஜிட்டலில் அது நடக்காது. சென்சாரைத் தொடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சுவாரசியமானது. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி, வரிப் பிசிறைக் குறைக்கும் வடிகட்டி என்று சில கண்ணாடிகள் இருக்கின்றன. லென்ஸிலிருந்து குவிந்து வரும் ஒளி கண்ணாடிக்குள் நுழைந்ததும் வளைவதால், குவியும் இடம் பின்னால் தள்ளிப்போகும், கண்ணாடித் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு. 3 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் 1 மில்லிமீட்டர். ஆக, 52.00 என்று கணக்கிடுவது ஒளிக்கு. ஸ்கேல் வைத்தால் சென்சார் அதைவிடத் தள்ளியே இருக்கும். உள்ளேயே ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வைத்த கேமராக்களில் ஃபில்டர் விலகும்போது அந்த இடத்துக்கு வெறும் தெளிந்த கண்ணாடி ஒன்று வந்து நிற்பதும் இதனால்தான்.

எனவே கேமராவை ஒளியாலேயே அளக்க வேண்டும். அதற்குக் கொலிமேட்டர் என்ற கருவி இருக்கிறது. அதற்குள் ஒரு கோட்டுப்படம், நல்ல லென்ஸ் ஒன்றின் குவியத்தில் துல்லியமாக வைக்கப்பட்டிருக்கும். வெளியே வரும் ஒளி இணையாக வருவதால், அரையடி தூரத்தில் இருக்கும் அந்தப் படம் கேமராவுக்கு எல்லையற்ற தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். அளவு உறுதி செய்யப்பட்ட லென்ஸ் ஒன்றை மாட்டி, இன்ஃபினிட்டியில் வைத்து, அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறந்து பார்ப்பார்கள். முழுதாகத் திறப்பது முக்கியம். சென்சார் பக்கம் மன்னிக்கப்படும் பிழை அபர்ச்சர் எண்ணோடு (எண் பெரிதானால் துளை சிறிது) பெருகும்: எஃப் 1.4-ல் சில பத்து மைக்ரான்தான், எஃப் 8-ல் அதைப்போல் ஆறு மடங்குக்கு நெருக்கம். மூடிவைத்துச் சோதித்தால் எந்தக் கேமராவும் தேறிவிடும்.

திருத்தும் முறை வேடிக்கையான அளவுக்கு எளிது. மவுண்டைக் கழற்றினால் அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய வளையங்கள் இருக்கும். தூரம் போதவில்லையா, ஒன்றைச் சேர். அதிகமா, ஒன்றை எடு. சில கேமராக்களில் ஷிம்முக்குப் பதில் திருகைத் திருப்பியே நகர்த்தலாம். அப்புறம் திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒரு பக்கமாக இறுகினால், அல்லது நடுவில் ஒரு தூசி சிக்கினால், மவுண்ட் சாய்ந்து படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். நடுவில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனால் இது கண்ணில் படாது.

என் பார்வையில் இந்த வேலையில் நடக்கும் பெரிய தப்பு கையில் வருவதில்லை, யோசனையில் வருகிறது. குறிகள் ஒத்துவராத லென்ஸ் ஒன்று வந்தால், அதற்குப் பொருந்தும்படி கேமராவின் ஷிம்மை மாற்றிவிடுவார்கள். சினிமா லென்ஸ்கள் பலவற்றில் அவற்றுக்கென்று தனி ஷிம் உண்டு. லென்ஸை, அதன் வழியாகக் கோட்டுப்படத்தைச் சுவரில் வீழ்த்திக் காட்டும் டெஸ்ட் புரொஜெக்டரில் வைத்து அது தன் 52.00-க்கு வருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும், கேமராவைக் கொலிமேட்டரில் தனியாகப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன லென்ஸுக்காகக் கேமராவை வளைத்தால், பெட்டியில் உள்ள மற்ற லென்ஸ்கள் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போனதாகத் தெரியும்.

வெப்பநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள 52 மில்லிமீட்டரும் அலுமினியம் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரி செல்சியஸ் ஏறும்போது அது ஏறக்குறைய 24 மைக்ரான் நீளும். நாம் இவ்வளவு நேரம் துரத்திய பிழையைவிட அதிகம். டைட்டானியம் என்றால் சுமார் 9 மைக்ரான். சென்சாரும் வேலை செய்யும்போது சூடாகும் என்பதால், கேமராவை இயக்கி அதன் சூடு ஒரு நிலைக்கு வந்தபிறகே மவுண்டைக் கழற்றுவார்கள்.