செப்சிஸ்: அந்த முதல் ஒரு மணி நேரம்

குடலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் இரவு. நோயாளிக்குக் காய்ச்சல் பெரிதாக இல்லை. பிரஷர் 104/60. பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. "சாயங்காலத்திலிருந்து ஒரு மாதிரி குழப்பமாப் பேசுறார்" என்று மட்டும் கூட இருப்பவர் சொல்கிறார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார். 26. இயல்பாக 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது.

இந்தக் காட்சி விளக்கத்துக்காக நான் அமைத்ததுதான். ஆனால் தொற்று முற்றி உறுப்புகளைச் செயலிழக்க வைக்கும் செப்சிஸ் பல நேரம் இப்படித்தான் சத்தமில்லாமல் வார்டுக்குள் வருகிறது. பல்ஸ், பிரஷர், ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஓர் ஆள் நின்று எண்ண வேண்டும். அதனாலேயே அடிக்கடி விட்டுப்போவதும் அதுதான். மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், பிரஷரின் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழ், பேச்சில் புதிதாக ஒரு தடுமாற்றம். தொற்று இருக்கிறது என்று சந்தேகப்படும் ஒருவரிடம் இந்த மூன்றில் இரண்டு சேர்ந்துவிட்டால், விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஒன்று மட்டும் இருந்தாலும் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து பார்ப்பது நல்லது.

2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, அதில் 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அந்த ஆண்டின் ஐந்து மரணங்களில் ஒன்று.

சரி, உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? கையில் முள் குத்திப் பழுத்தால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும். கிருமி நுழைந்ததும் அங்கே உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன. அதனால் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் நெகிழ்ந்து கசிகிறது, அதனால் வீக்கம். அந்தக் கசிவு வழியாகத்தான் வெள்ளை அணுக்கள் வெளியே வந்து கிருமியைத் தாக்குகின்றன. பக்கத்தில் ரத்தம் லேசாக உறைந்து, கிருமி பரவாதபடி அணை கட்டுகிறது. ஒரு விரலுக்குள் இது அருமையான ஏற்பாடு.

இதே ஏற்பாடு உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால்? எல்லாக் குழாய்களும் விரிகின்றன, பிரஷர் சரிகிறது. எல்லா இடத்திலும் கசிகிறது, ரத்த ஓட்டத்தில் இருக்க வேண்டிய நீர் திசுக்களுக்குள் போய்த் தேங்குகிறது. நுண்குழாய்களில் பொடிப்பொடியாக ரத்தம் உறைந்து அடைக்கிறது. சிறுநீரகம், மூளை, நுரையீரல் என்று ஒவ்வொன்றாகத் தள்ளாடும். 2016-இல் நிபுணர்கள் திருத்தி எழுதிய வரையறை இதைத்தான் சொல்கிறது: தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய், உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு உறுப்புகள் செயலிழப்பதே செப்சிஸ். கிருமி தீயை மூட்டிவிடுகிறது. வீட்டை எரிப்பதில் நம் உடம்புக்கும் பெரும்பங்கு உண்டு.

ரத்தத்தில் லாக்டேட் என்ற வேதிப்பொருளின் அளவைப் பார்ப்பது இதனால்தான். திசுக்களுக்கு ஆக்சிஜன் சரியாகப் போய்ச்சேராதபோது லாக்டேட் கூடும். உடம்பு நெருக்கடியில் அட்ரினலினைக் கொட்டும்போதும், கல்லீரல் சோர்ந்துபோகும்போதும்கூடக் கூடும். லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் எச்சரிக்கை. 4 என்றால், பிரஷர் நன்றாக இருந்தாலும் நோயாளி நன்றாக இல்லை.

இனி அந்த வார்டுக்குத் திரும்புவோம். முதலில் வர வேண்டியது ரத்தக் கல்ச்சர் புட்டிகள், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் புட்டிகள். ஆன்டிபயாடிக் உள்ளே போனபின் ரத்தம் எடுத்தால் கிருமி வளராமல் போகக்கூடும். அப்புறம் எந்தக் கிருமி என்று தெரியாமலே நாள்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டிவரும். தோலை மருந்தால் நன்றாகத் துடைத்து, அது காயும்வரை பொறுத்து, இரண்டு தனித்தனி இடங்களில் குத்தி, ஒவ்வொரு புட்டிக்கும் 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். அவ்வளவு ரத்தமா என்று தோன்றும். ரத்தத்தில் கிருமி இருக்கும்போதும், ஒரு மில்லியில் ஒரே ஒரு கிருமிகூட இல்லாத நிலை பெரியவர்களிடம் சாதாரணம். குறைவாக எடுத்தால் கையில் சிக்காது. ஆனால் இதற்காக மருந்தை முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது ஆன்டிபயாடிக். பிரஷர் சரிந்து அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போன 2,154 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் கனடாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆறு மணி நேரத்தில், மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது என்றது அது. பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அந்த எண்ணை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வார்டுகளில் கடிகாரத்தை ஓடவைத்தது அந்த எண்தான்.

டாக்டர் மருந்து எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. சீட்டு மருந்தகத்துக்குப் போக வேண்டும், மருந்து மேலே வர வேண்டும், கலக்க வேண்டும், கையில் ஊசிவழி கிடைக்க வேண்டும். நேரம் கரைவது இங்கேதான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மெதுவாக, ஒரு மணி நேரமாவது ஏற்ற வேண்டும். பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் பலவற்றைச் சில நிமிடங்களிலேயே செலுத்திவிடலாம். இரண்டும் எழுதப்பட்டு, ஊசிவழி ஒன்றே ஒன்று இருந்தால், வேகமாகப் போகும் மருந்து முதலில் போக வேண்டும். வரிசையை மாற்றினால் ஒரு மணி நேரம் வீண்.

அதற்காகக் காய்ச்சல் என்று வந்த எல்லோருக்கும் பலமான மருந்தை ஏற்றிவிடலாமா? கூடாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்த்துவிடுவோம். 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இதற்கு ஒரு நியாயமான வழி சொல்கிறது. அதிர்ச்சி நிலை இருந்தாலோ, செப்சிஸ் என்று நன்றாகவே சந்தேகம் இருந்தாலோ ஒரு மணி நேரத்துக்குள் மருந்து. அதிர்ச்சி இல்லை, தொற்றுதானா என்றும் தெளிவில்லை என்றால், மூன்று மணி நேரம்வரை வேகமாகப் பரிசோதித்து முடிவெடுக்கலாம்.

இதற்குள் பிரஷர் 84/46 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கீழ் எண்ணை இரட்டித்து, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் சராசரி அழுத்தம் கிடைக்கும்: 59-க்குச் சற்றுக் குறைவு. 65 இருக்க வேண்டும். விரிந்து கசியும் குழாய்களை நிரப்ப டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பது அதே வழிகாட்டுதலின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,800 மில்லி. சாதாரண சலைனைவிட ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவங்களையே அது விரும்புகிறது. (லாக்டேட் கூடியவருக்கு ரிங்கர் லாக்டேட்டா என்று பயப்பட வேண்டாம். அதிலிருப்பது அமிலமில்லாத சோடியம் லாக்டேட். கல்லீரல் அதைப் பைகார்பனேட் ஆக்கிவிடும்.)

ஆனால் கசியும் குழாயில் எவ்வளவு ஊற்றினாலும் ஒரு பகுதி வெளியேதான் போகும், நுரையீரல் உட்பட. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டமும் குன்றிய 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. திரவத்தை வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம்; அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். நல்லது என்று எல்லோரும் நம்பிய ஒன்று உயிரைப் பறித்தது. வென்டிலேட்டரும் ஐ.சி.யூ.வும் கைக்கெட்டாத இடங்களில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையானது. கொஞ்சம் ஏற்று, போய்ப் பார், பிறகு முடிவெடு என்பதுதான் பாதுகாப்பான வழி. படுத்திருப்பவரின் கால்களை உயர்த்தினால் காலில் உள்ள ரத்தம் கொஞ்ச நேரத்துக்கு இதயத்துக்குத் திரும்பும். அதில் இதயம் தள்ளும் ரத்தம் கூடவில்லை என்றால், இன்னொரு பாட்டிலாலும் பயன் இராது.

அப்போது தேவைப்படுவது நார்-அட்ரினலின். விரிந்த குழாய்களைச் சுருக்கும் மருந்து. கழுத்தின் பெரிய ரத்த நாளத்தில் குழாய் போட்ட பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும் என்று காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கையிலுள்ள நல்ல ஊசிவழியிலேயே, கவனமாகப் பார்த்துக்கொண்டு, தொடங்கச் சொல்கிறார்கள்.

இந்தச் சிகிச்சை இவ்வளவு எளிமையாக மாறிய கதை எனக்குப் பிடித்தமானது. 2001-இல் டெட்ராய்ட் நகரின் அவசரப் பிரிவு ஒன்றில் இமானுவேல் ரிவர்ஸ் குழுவினர் 263 நோயாளிகளிடம் ஒரு கண்டிப்பான திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். கழுத்தில் சிறப்புக் குழாய், ஆக்சிஜன் அளவுக்கு இலக்கு, ரத்தம் ஏற்றுதல் என எல்லாமே ஆறு மணி நேரத்துக்குள். மருத்துவமனை மரணம் 46.5 சதவீதத்திலிருந்து 30.5-க்கு இறங்கியது. உலகமே அதைப் பின்பற்றியது. பிறகு 2014, 2015-இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா-நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகிய இடங்களிலிருந்து மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. அந்தத் திட்டத்தால் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் இல்லை என்றன. ரிவர்ஸ் தோற்றுப்போனார் என்று இதைப் படிக்கக் கூடாது. இடைப்பட்ட ஆண்டுகளில் "வழக்கமான சிகிச்சை"யே மாறிவிட்டிருந்தது: சீக்கிரம் கண்டுபிடிப்பது, சீக்கிரம் மருந்து, சீக்கிரம் திரவம். அந்த அவசரத்தை எல்லோருக்கும் பழக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

2019-இல் தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு இன்னும் எளிமைக்குப் போனது. கண்ணாடித் தகடால் நோயாளியின் விரல் நுனியை வெளுக்கும்வரை அழுத்தி, 10 விநாடி பிடித்து, விட வேண்டும். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் போதவில்லை. அரை மணிக்கு ஒருமுறை இதைப் பார்த்தே சிகிச்சையை நகர்த்தினார்கள்; மற்றக் குழுவில் இரண்டு மணிக்கு ஒருமுறை லாக்டேட். விரலைப் பார்த்தவர்களின் நோயாளிகளில் 34.9 சதவீதமும், லாக்டேட் குழுவில் 43.4 சதவீதமும் 28 நாளுக்குள் இறந்தார்கள். புள்ளியியல்படி உறுதி என்று சொல்லும் எல்லையை அந்த வித்தியாசம் மயிரிழையில் தவறவிட்டது. ஆனால் செலவே இல்லாத, கையால் தொட்டுப் பார்க்கும் ஒரு சோதனைக்கு இது சின்ன விஷயமில்லை.

நம் நோயாளிக்கு இன்னொன்று பாக்கி. குடலைத் தைத்த இடத்தில் கசிவு இருந்தால், எந்த ஆன்டிபயாடிக்காலும் அதை அடைக்க முடியாது. ஸ்கேன் எடுத்து, முடிந்தவரை சீக்கிரம் சீழை வடித்தெடுக்க வேண்டும் அல்லது மறுபடி திறந்து சரிசெய்ய வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் செய்த எல்லாமே அவரை அந்த மேஜைவரை உயிரோடு கொண்டுசேர்க்கத்தான்.

அன்றிரவு எடுத்த புட்டிகள் இதற்குள் ஆய்வகத்தில் இளஞ்சூட்டில் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே கிருமி பெருகி, அது விடும் கரியமில வாயு சேர்ந்ததும், புட்டியின் அடியிலுள்ள வட்டம் நிறம் மாறும். கருவி ஒலி எழுப்பும். பல நேரம் இது ஒரு நாளுக்குள்ளேயே நடந்துவிடும். ஆய்வகத்திலிருந்து வார்டுக்கு போன் வரும். இன்னும் ஓரிரு நாளில் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பதும் தெரியும். அப்போது பலமான மருந்தை நிறுத்திவிட்டு, அந்த ஒரு கிருமிக்கான மருந்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.