‘அன்ஏலியனபிள்’: பறிக்க முடியாததா, துறக்க முடியாததா?

1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தமிழில் தர முற்படுகிறவர்களில் பெரும்பாலோர், மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற வரியைத் தாண்டியதும், சற்றும் தயங்காமல் ‘பறிக்க முடியாத உரிமைகள்’ என்று எழுதிவிடுகிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை எனக்கு வந்தபோது, அதிலும் இதே தொடர் நின்றது. சிவப்பு மையால் சுழித்து, ‘சொல் பொருந்தவில்லை’ என்று ஓரத்தில் குறித்து அனுப்பினேன். அடுத்த மெய்ப்பில் அது ‘பிரிக்க முடியாத உரிமைகள்’ என்று திரும்பி வந்தது. நான் எழுத்துப் பிழையைச் சுட்டியதாக நினைத்துக்கொண்டார்கள் போலும்.

மூலத்தில் உள்ள சொல் ‘அன்ஏலியனபிள்’ (unalienable). லத்தீனில் ‘ஆலியுஸ்’ என்றால் மற்றவன். ‘ஆலியேனுஸ்’ என்றால் மற்றவனுக்குரியது. தன் உடைமையை விற்றோ கொடுத்தோ பிறன் உடைமை ஆக்குவதை ஆங்கிலச் சட்டம் ‘ஏலியனேஷன்’ என்கிறது. பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சனின் வரைவில் ‘இன்ஏலியனபிள்’ என்றிருந்தது அச்சேறும்போது ‘அன்ஏலியனபிள்’ ஆயிற்று; பொருளில் வேறுபாடில்லை.

இந்தச் செயலைச் செய்பவர் யார் என்று கேட்டாலே ‘பறிக்க முடியாத’ என்பது அடிபட்டுப் போகிறது. பறிப்பவன் அயலான்; ஆனால் ‘ஏலியனேஷன்’ செய்யக்கூடியவர் உரிமையாளர் ஒருவரே. சாட்சி வெளியே தேட வேண்டாம், பிரகடனத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் ஒப்புதலின்றி வரி விதித்தார், சமாதான காலத்திலும் எங்களிடையே படைகளை நிறுத்தினார், நடுவர் குழு முன் விசாரிக்கப்படும் உரிமையைப் பலமுறை மறுத்தார், பொய்க் குற்றம் சாட்டிக் கடல் கடந்து கொண்டுபோய் விசாரிக்க வழிசெய்தார் என்று பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீது 27 குற்றச்சாட்டுகள் அடுக்கப்படுகின்றன. எல்லாமே பறித்த கதை. உரிமைகளைப் பறிக்கவே முடியாது என்று முதலில் அறிவித்துவிட்டு, பறித்துவிட்டார் பறித்துவிட்டார் என்று 27 முறை முறையிட அந்த ஆவணத்தை எழுதியவர்கள் பேதைகள் அல்லர். ‘பறிக்கக் கூடாத’ என்று திருத்திவிடலாமே என்பார் உண்டு. என் குடையைக்கூட யாரும் பறிக்கக் கூடாது. ஆனால் அதை நான் நாளைக்கே விற்றுவிடலாம். குடைக்கும் விடுதலைக்கும் உள்ள அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இந்தச் சொல்லே வந்தது.

அமெரிக்காவில் பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்டிருந்த குடியேற்றங்களுக்கு இது ஏட்டுச் சண்டையாக இருக்கவில்லை. 1765-இல் வந்த முத்திரை வரிச் சட்டத்தை 1766-இல் நீக்கிய அதே நாளில், எந்த விவகாரத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிக்கொண்டது. அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்பதே வழக்கு. 1774 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய குடியேற்றங்களின் பேராயம், எங்கள் உயிரையும் விடுதலையையும் உடைமையையும் எங்கள் ஒப்புதலின்றிக் கையாளும் உரிமையை எந்த இறையாண்மைக்கும் நாங்கள் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை என்றும், கடல் கடந்து குடியேறியதால் எங்கள் முன்னோர் எதையும் இழக்கவோ ஒப்படைக்கவோ இல்லை என்றும் தீர்மானித்தது. கொடுக்கவில்லை என்று சொன்னவர்கள், இரண்டே ஆண்டுகளில், கொடுத்திருந்தாலும் செல்லாது என்ற இடத்துக்கு வந்தார்கள். 1776 ஜூன் 12-இல் அக்குடியேற்றங்களுள் ஒன்றான வர்ஜீனியா ஏற்ற உரிமை அறிக்கை, மனிதர் சில உரிமைகளைத் தம் சந்ததியாரிடமிருந்து எந்த உடன்படிக்கையாலும் அகற்ற இயலாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அதை வரைந்தவர் ஜார்ஜ் மேசன். தன் உயிர்மீதே முழு அதிகாரம் இல்லாத மனிதன் ஒப்பந்தத்தின் மூலம் தன்னை அடிமையாக்கிக்கொள்ள முடியாது என்று ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் முன்பே வாதிட்டிருந்தார்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கப் பெரியபுராணத்தின் ஆளோலை, அதாவது அடிமை ஓலை, ஒன்று போதும். திருமணப் பந்தலில் வந்து நிற்கும் முதியவர், சுந்தரரின் பாட்டனார் எழுதியது என்று காட்டும் ஓலையில், ‘யானும் என்பால் வருமுறை மரபுளோரும்’ வழித்தொண்டு செய்வதாகக் கண்டிருக்கிறது. பாட்டன் எழுதிக்கொடுத்தான், பேரன் ஆட்பட்டான். அங்கே ஆண்டவர் இறைவன் என்பதால் கதை இனிக்கிறது. அவ்வாறு ஓர் ஓலை மனிதர்களுக்கிடையே செல்லவே செல்லாது என்பதுதான் ‘அன்ஏலியனபிள்’.

இனி ‘பிரிக்க முடியாத’. பத்திரம் படித்துப் பழகியவர் காதில் இது பாகம் பிரிக்காத கூட்டுச் சொத்தைத்தான் நினைவூட்டும். அதைவிட மோசம், அண்மையில் பெருகிவரும் ‘அந்நியப்படுத்த முடியாத உரிமைகள்’. மார்க்சியர் ‘அந்நியமாதல்’ என்ற சொல்லை உழைப்பாளி தன் உழைப்பிலிருந்து விலகிப்போகும் நிலைக்கு வழங்கி, அது நிலைத்தும்விட்டது. வேர்ச்சொல் ஒன்று என்பதற்காக நிலச் சட்டத்துச் சொல்லையும் அந்தப் பெட்டிக்குள் திணிப்பவர், அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டவர். சட்ட ஆவணத்தை மொழிபெயர்க்க வருகிறவர் தம் வீட்டுப் பத்திரத்தையாவது ஒருமுறை எடுத்துப் படித்திருக்கலாம்.

ஏனெனில் சொல் அங்கேதான் இருக்கிறது. ஆயுள்வரை சொத்தை அனுபவித்துக்கொள்ளலாம், ஆனால் ‘பராதீனம் செய்யப் பாத்தியமில்லை’ என்று நம் பத்திரங்கள் எழுதுகின்றன. தன் ஆளுகையில் இருப்பது சுவாதீனம்; பிறன் ஆளுகைக்குப் போவது பராதீனம். லத்தீன் சொல்லைப் போலவே இதுவும் ‘மற்றவன்’ என்ற பொருளிலிருந்து கிளைத்தது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்துக்கான தமிழ் வடிவமும் இந்தச் சொல்லையே எடுத்தாள்கிறது. வடசொல் என்பதற்காக நான் இதைத் தள்ளமாட்டேன். ஆனால் பத்திரம் எழுதுபவர்களைத் தாண்டி இன்று இது யாருக்கும் விளங்குவதில்லை. விளங்காத சரியான சொல், விளங்கும் தவறான சொல்லிடம் தோற்றுக்கொண்டே இருக்கும்.

‘கைமாற்ற முடியாத’ என்று எழுதிப் பார்த்தேன். கைமாற்று வாங்கிய கடன் குறுக்கே வந்து நின்றது. ‘விட்டுக்கொடுக்க முடியாத’ என்றால் பேச்சுவார்த்தையில் ஒருவர் காட்டும் பிடிவாதம். ஆகவே நூல் நடைக்கு ‘துறக்கவியலா உரிமை’ என்பதையே பரிந்துரைக்கிறேன். தன்னுடையதை மட்டுமே ஒருவர் துறக்க முடியும் என்பதால், செய்பவர் யார் என்ற குழப்பம் இதில் எழாது. பொது வாசகருக்கு ‘எழுதிக்கொடுக்க முடியாத உரிமை’ என்றால் இன்னும் தெளிவு. பிரகடனம் தரும் உயிர், விடுதலை, இன்பநாட்டம் என்ற பட்டியலில் சொத்து ஏன் இடம்பெறவில்லை என்ற கேள்விக்கும் இந்தச் சொல்லே விடை தருகிறது. சொத்து எழுதிக்கொடுப்பதற்கென்றே உள்ளது.

இன்னொன்றையும் இந்தச் சொல் காட்டிக்கொடுக்கிறது. 1705-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் வர்ஜீனியா அடிமைகளை நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தாக வகைப்படுத்தியிருந்தது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது 1662 முதலே அங்கே சட்டம். தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார் ஜெஃபர்சன். மேசனின் அறிக்கை விவாதத்துக்கு வந்தபோது இது அடிமைகளுக்கும் பொருந்திவிடுமே என்ற அச்சம் எழுந்து, ‘சமுதாய நிலைக்குள் நுழையும்போது’ என்றொரு தொடரை இடையில் செருகினார்கள். அடிமைகள் அந்தச் சமுதாயத்தில் சேர்த்தியில்லை என்பது கணக்கு. நான் மெய்ப்புத் திருத்திய நூலில், தேவையற்ற அடைமொழி என்று கருதியோ என்னவோ, அந்தத் தொடரையே விட்டுவிட்டிருந்தார்கள்.