இன்ஜின் லைட்டும் ஒரு தலைவலியும்

போன மாதம் ஒரு பெட்ரோல் கார் வந்தது. இன்ஜின் லைட் எரிகிறது, மைலேஜும் குறைகிறது என்றார் ஓனர். வேறோர் இடத்தில் ஆக்சிஜன் சென்சாரை (புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பது) மாற்றி, எரர் கோடையும் (இன்ஜின் பதிவு செய்யும் கோளாறு எண்) அழித்து அனுப்பியிருந்தார்கள். நாலாம் நாள் லைட் திரும்ப வந்துவிட்டது.

கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினேன். பி0171 என்று வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். சென்சார் கெட்டுவிட்டது என்று இதில் எங்கே இருக்கிறது? காய்ச்சல் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரை மாற்றிய கதைதான்.

வண்டியை இரவு நிறுத்திவைத்து, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், சூடானதும் அடங்கிவிட்டது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அதனால்தான். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, டார்ச் அடித்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் கரி. இன்ஜினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் தகடு அது. புகை கசியும் ஓட்டை வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். அந்தக் காற்றைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் சொல்கிறது. இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலை இன்னும் ஊற்றுகிறது. மைலேஜ் போனது இப்படித்தான்.

பேச்சுவாக்கில் ஓனர் சொன்னார்: "ஏசி போட்டு நின்னுட்டிருந்தா தலை வலிக்கும்ணே. ஏசி ஒத்துக்கலைன்னு நினைச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே ஓட்டையில் கசிவது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. நிறமில்லை, வாசனையில்லை. வெளிக்காற்று எடுக்கும் வழியாகக் கேபினுக்குள் வந்துவிடும்.

அதனால்தான், மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஸ்கேன் பார்க்காதீர்கள். ஷட்டரைப் பாதி தூக்கினால் போதாது. வண்டியை வெளியே எடுங்கள். மழையா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எரர் கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை போட்டோ எடுத்துவையுங்கள். கோளாறு வந்த நேரத்து வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போச்சு.

லைட் நிலையாக எரிந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால் நிதானமாக ஓட்டி வரலாம். லைட் சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். உடனே ஓரங்கட்டுங்கள். காய்ந்த புல் மேலோ, நம் ஊர் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேலோ மட்டும் வேண்டாம். கன்வெர்ட்டர் சூட்டில் பற்றிக்கொள்ளும்.

சரி, அந்த வண்டிக்கு ஆனது ஒரு கேஸ்கெட்டும் இரண்டு நட்டும். கழற்றிய பழைய சென்சாரை டிக்கியில் வைத்திருந்தார். மாட்டிச் சோதித்தேன். நன்றாகவே வேலை செய்தது.