மருந்தெழுதுதல்: 'பிரிஸ்கிரைப்' என்பதற்கு நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்

'பிரிட்டனில் மருந்தாளுநர்களுக்கு மருந்து பரிந்துரைக்கும் பயிற்சி' என்று ஒரு தலைப்பைத் தமிழில் படிப்பவர் என்ன நினைப்பார்? "அதைத்தானே அவர்கள் தினமும் செய்கிறார்கள், இதற்கு எதற்குப் பயிற்சி?" என்றுதான். தலைவலி என்று கடைக்குப் போனால் "இந்த மாத்திரையைப் போட்டுப் பாருங்க" என்று எடுத்துத் தருகிறார்களே, அது பரிந்துரை இல்லையா? ஆமாம், அதுதான் பரிந்துரை. பிரிட்டனில் கற்றுத்தருவது வேறொன்று: ஆங்கிலத்தில் 'பிரிஸ்கிரைப்' எனப்படும், மருந்துச் சீட்டு எழுதும் வேலை. அதையும் 'பரிந்துரைத்தல்' என்றே மொழிபெயர்ப்பதால், அந்த வேறுபாட்டை நம் சொல் விழுங்கிவிடுகிறது.

பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல். ஒருவருக்காகப் பரிந்து உரைப்பது பரிந்துரை. பாரசீக வழியில் வந்த 'சிபாரிசு' இருந்த இடத்தில் வந்து அமர்ந்த நல்ல சொல் அது. வேலைக்குப் பரிந்துரைக்கலாம், விருதுக்குப் பரிந்துரைக்கலாம். ஏற்பதும் தள்ளுவதும் கேட்பவர் கையில். சொன்னவருக்குச் சட்டப் பொறுப்பு ஏதும் இல்லை.

'பிரிஸ்கிரைப்' லத்தீனிலிருந்து வந்தது. 'ப்ரே' என்றால் முன்னால், 'ஸ்க்ரீபெரே' என்றால் எழுதுதல். முன்கூட்டி எழுதி வைப்பது, அதனால் விதிப்பது, ஆணையிடுவது என்று பொருள் விரிந்தது. மருத்துவத்தில் மருந்தைக் கலப்பதற்கு முன் எழுதித் தரும் ஆணை என்று நின்றது. சீட்டின் தலையில், ஆர் எழுத்தின் காலில் ஒரு குறுக்குக் கோடு போட்டது போல ஒரு குறி இருக்குமே, அதுவும் 'ரெசிப்பே' என்ற லத்தீன் ஏவல் வினையின் சுருக்கம்தான். 'எடுத்துக்கொள்' என்று பொருள். அந்தக் கட்டளை மருந்து கலப்பவருக்கு: இன்னதில் இவ்வளவு எடு, இன்னதோடு சேர். சமையல் குறிப்பைச் சொல்லும் 'ரெசிப்பி'யும் இதே சொல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புதிதாகத் தேட வேண்டியதே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருபவரை வீட்டில் என்ன கேட்கிறோம்? "டாக்டர் என்ன மருந்து எழுதிக் கொடுத்தார்?" யாரும் "என்ன மருந்து பரிந்துரைத்தார்?" என்று கேட்பதில்லை. லத்தீனின் 'ஸ்க்ரீபெரே' போலவே நம் பேச்சிலும் எழுத்துதான் நிற்கிறது. ஆகவே செயல் மருந்தெழுதுதல். செய்பவர் மருந்தெழுதுநர். தாள் மருந்துச் சீட்டு, அது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

மருந்தாளுநர் என்ற சொல்லும் அழகானது. மருந்தை ஆள்பவர். ஒரு காலத்தில் 'கம்பவுண்டர்' என்றோம், கலப்பவர் என்று பொருள். 'பார்மசிஸ்ட்'டின் வேர் கிரேக்க 'பார்மகோன்'. அதற்கு மருந்து என்றும் பொருள், நஞ்சு என்றும் பொருள். நாமும் எலி மருந்து, பூச்சி மருந்து என்கிறோம், அதே நாக்கால் இருமல் மருந்து என்றும் சொல்கிறோம். எது மருந்து, எது நஞ்சு என்று அளவறிந்து ஆளத் தெரிந்தவர் என்பதால் 'ஆளுநர்' இங்கே மிகவும் பொருந்துகிறது.

பிரிட்டனில் இவர்கள் மருந்தெழுதத் தொடங்கியது 2003இல். அப்போது கிடைத்தது துணை மருந்தெழுதுநர் என்ற நிலை: நோயை மருத்துவர் கண்டறிவார், திட்டத்துக்கு அவரும் நோயாளியும் ஒப்புவார்கள், அதற்குள் நின்று மருந்தாளுநர் எழுதலாம். 2006இல் தனித்து எழுதும் உரிமை வந்தது. அந்த உரிமை பெற்றவரைத் தனி மருந்தெழுதுநர் என்போம். பயிற்சிக்கு 26 நாட்களுக்குச் சமமான படிப்பும், மருந்தெழுதும் உரிமையுள்ள ஒருவரின் மேற்பார்வையில் 90 மணி நேரக் களப்பயிற்சியும் வைத்தார்கள். 2021இல் வந்த புதிய கல்வி விதிகள் இதை அடிப்படைப் படிப்புக்குள்ளேயே கொண்டுவந்தன. நான்கு ஆண்டுப் பட்டமும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து 2026 முதல் பதிவு பெறுவோர், பதிவாகும்போதே மருந்தெழுதுநர்களாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த 90 மணி நேரத்தில் என்ன நடக்கும்? ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடும் ஒருவர் கணுக்கால் வீங்கி வருகிறார் என்று வையுங்கள். பழைய வேலையில், "மாத்திரையால் இருக்கலாம், டாக்டரைப் பாருங்க" என்பதோடு மருந்தாளுநர் நின்றுவிடுவார். இப்போது அவரே பட்டையைக் கட்டி அழுத்தம் பார்க்கிறார். வீக்கத்தை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கிறார். இதயக் கோளாறாலும் கால் வீங்கும் என்பதால் மூச்சு வாங்குகிறதா, படுத்தால் சிரமமா என்று கேட்கிறார். அப்புறம் சிறுநீரகச் சோதனை முடிவைப் படித்து, மாத்திரையைக் குறைப்பதா, வேறு எழுதுவதா, மருத்துவரிடம் அனுப்புவதா என்று முடிவு செய்து, மேற்பார்வையாளரிடம் காரணம் சொல்கிறார். பயிற்சி முடிந்து பதிவேட்டில் அவர் பெயரோடு மருந்தெழுதுநர் என்ற குறிப்பு ஏறிய பிறகுதான் அவர் கையெழுத்துச் செல்லும். தவறினால் பொறுப்பும் அவருடையதே. பரிந்துரைப்பவரிடம் யாராவது இந்தக் கணக்கைக் கேட்பார்களா?

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, காதுவலி உட்பட ஏழு கோளாறுகளுக்கு மருந்துக் கடையிலேயே சிகிச்சை பெறலாம். இதையும் மருந்தெழுதுதல் என்று சொல்லிவிடக் கூடாது. இன்ன அறிகுறி இருந்தால் இன்ன மருந்து என்று முன்பே வகுத்த நெறியின்படி அவர் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

இந்தியச் சட்டம் மருந்தாளுநருக்கு மருந்தெழுதும் உரிமையைத் தரவில்லை. அதனாலேயே இங்கே இந்தச் சொற்கள் கலங்காமல் இருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். 'அங்கே பரிந்துரைக்கலாமாம்' என்று படிப்பவர், இங்கே சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குவதும் அதுவும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு. மருந்தாளுநர் எழுதிய சீட்டுக்கு மருந்து எடுத்துத் தருபவர், கூடுமானவரை வேறொருவராக இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் வற்புறுத்துகிறார்கள். எழுதிய கண்ணுக்குத் தப்பிய பிழை இரண்டாவது கண்ணுக்குப் படும் என்பதற்காக. 'மருந்தெழுதுபவரே மருந்து வழங்க வேண்டாம்' என்று நான்கு சொல்லில் இந்த விதியைத் தமிழில் சொல்லிவிடலாம்.