அப்ரண்டிஸ் என்று சேர்த்துக்கொண்டார்களா? முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்

எங்கள் தெருப் பையன் ஒருவன், ஐடிஐயில் ஃபிட்டர் முடித்தவன், ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினான்கு மாதம் இருந்துவிட்டு ஒரு லேமினேட் செய்த தாளோடு வந்தான். "அப்ரண்டிஸ் பயிற்சியைச் சிறப்பாக முடித்தார்" என்று எழுதி மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். ரயில்வே விண்ணப்பத்தில் இதை இணைக்கலாமா அண்ணா என்று கேட்டான். ஒப்பந்தப் பதிவு எண் எங்கே என்றேன். முழித்தான். அப்படி ஒன்று உண்டு என்று அந்தப் பதினான்கு மாதத்தில் ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. அரசின் கணக்கில் அவன் அந்தக் கம்பெனிக்குள் கால் வைக்கவே இல்லை.

இவனைப் போல இதுவரை ஏழெட்டுப் பேரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இது.

சட்டம் பழையது: தொழிற்பழகுநர் சட்டம், 1961. (அப்ரண்டிஸைத்தான் சட்டத் தமிழில் பழகுநர் என்கிறார்கள்.) வேலை பார்க்கிற இடத்திலேயே தொழில் கற்றுத்தர வேண்டும், கற்கிற காலத்தில் உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்பதுதான் சாரம். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனம், மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் காலியாக விட்ட ஒவ்வொரு இடத்துக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், அதன் பிறகு மாதம் 1,000 ரூபாய் அபராதம். ஒரு பழகுநருக்கு மாதாமாதம் கொடுப்பதைவிட இது மலிவு. சட்டத்தைத் திருத்தியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா தெரியவில்லை. பின்னணி இவ்வளவு போதும்.

பதிவு இல்லையென்றால் நீங்கள் யார்?

பழகுநர் என்பவர் 'பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல' என்று சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. பி.எஃப் கிடையாது, இ.எஸ்.ஐ கிடையாது, குறைந்தபட்சக் கூலியும் கிடையாது. கம்பெனிகளுக்கு இந்தப் பிரிவு மனப்பாடம். ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவை மறந்துவிடுவார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் பழகுநராக எடுக்கக் கூடாது. ஒப்பந்த விவரத்தை ஏழு நாளுக்குள் அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பழகுநர் ஆலோசகர் (இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்த அதிகாரி) முப்பது நாளுக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. 18 வயது ஆகாதவர் என்றால் அப்பாவோ அம்மாவோ காப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகவே சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியும் பதிவு எண் வரவில்லையென்றால் ஏதோ சரியில்லை. "போர்ட்டல் வேலை செய்யவில்லை" என்ற பதிலை ஒரு முறை நம்பலாம், மூன்றாவது முறை நம்பக் கூடாது. ஒப்பந்தத் தேதிக்கு முன்னால் நீங்கள் உழைத்த மாதங்கள் பயிற்சிக் கணக்கில் வராது. பிறகு பழைய தேதி போட்டுச் சரிசெய்து தருகிறோம் என்று எச்.ஆர். சொன்னால் தலையாட்டாதீர்கள்.

பதிவே செய்யாமல் மெஷினில் நிறுத்தி வேலை வாங்கினால், 'இவர் தொழிலாளி அல்ல' என்று சொல்ல அந்தக் கம்பெனிக்கு இந்தச் சட்டம் கை கொடுக்காது. அப்போது நீங்கள் போக வேண்டியது தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு. கேட்க வேண்டியது உதவித்தொகை அல்ல, கூலி. (பெரிய கம்பெனிகள் சில, தங்கள் நிலையாணையின், அதாவது கம்பெனியின் சொந்த வேலை விதிகளின் கீழ் தனியாகப் பயிற்சியாளர்களை எடுப்பதுண்டு. அது வேறு கதை.) மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் 'சுமங்கலி திட்டம்' என்ற பெயரில் பெண் பிள்ளைகளைப் பல வருடம் 'அப்ரண்டிஸ்' என்றே கணக்குக் காட்டி வேலை வாங்கியது நமக்குத் தெரியாததல்ல. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

எந்த டிரேடில் பதிவு செய்திருக்கிறார்கள்?

இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். டிரேடு என்றால் ஃபிட்டர், வெல்டர் மாதிரியான தொழிற்பிரிவு. அரசு வகுத்த டிரேடுகள் தனி. கம்பெனியே பாடத்திட்டம் எழுதிக்கொள்ளும் 'ஆப்ஷனல் டிரேடு' தனி. நீங்கள் ஃபிட்டர் முடித்திருப்பீர்கள். ஒப்பந்தத்தில் 'அசெம்பிளி ஆபரேட்டர்' என்ற மாதிரி ஏதோ ஒரு பெயர் இருக்கும். உதவித்தொகை ஒன்றுதானே என்று விட்டுவிடுவீர்கள். நாளைக்கு ஒரு பொதுத்துறை அறிவிக்கையில் ஃபிட்டர் டிரேடில் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வேண்டும் என்று இருந்தால் உங்களுடையது செல்லாது. ரயில்வேயின் லெவல் 1 (கடைநிலை) நேரடி நியமனத்தில் 20 சதவீத இடம் ரயில்வே நிறுவனங்களில் பழகுநர் பயிற்சியை முடித்தவர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப்பிலும் பொன்மலையிலும் பழகுநர் இடத்துக்கு அவ்வளவு போட்டி ஏன் என்பதற்கு இதுதான் விடை. தனியார் கம்பெனியின் லேமினேட் தாள் அந்தப் பக்கமே போக முடியாது.

பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்குக் குழப்பம் இன்னொரு மாதிரி. இரண்டு அரசுத் தளங்கள் இருக்கின்றன. ஒன்று திறன் மேம்பாட்டு அமைச்சகத்துடையது, 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா'. மற்றொன்று கல்வி அமைச்சகத்தின் 'நாட்ஸ்'. தென் மாநிலங்களுக்கு அதைப் பார்த்துக்கொள்வது சென்னை தரமணியில் உள்ள பழகுநர் பயிற்சி வாரியம். ஒன்றில் பெயர் பதிந்துவிட்டு மற்றொன்றில் வரும் அறிவிப்புக்குக் காத்திருந்து வருடத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. எந்தத் தளத்தின் வழியாக எடுக்கிறீர்கள் என்று கம்பெனியிடமே கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

இங்கே ஒரு கண்ணி. படித்து முடித்தபின் ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர், ஏற்கெனவே பழகுநர் பயிற்சி முடித்தவர் இருவரையும் பட்டதாரி, டிப்ளமோ பழகுநர் இடங்களுக்கு எடுப்பதில்லை. தேர்ச்சி பெற்று ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் பெரும்பாலான அறிவிக்கைகள் கேட்கும். வீட்டு நிலைமைக்காக ஒன்றரை வருடம் எங்கோ வேலைக்குப் போனவர், அனுபவம் இருந்தால் நல்லதுதானே என்று அந்த அனுபவக் கடிதத்தையும் இணைத்து அனுப்புவார். வெளியே தள்ளிவிடுவார்கள். அவர் கெட்டிக்காரத்தனமாக நினைத்துச் செய்தது அவருக்கே வினையாகிவிடும்.

பணம்

2019 செப்டம்பரில் திருத்திய விதிகளின்படி மாத உதவித்தொகையின் அடிமட்டம் இது: பத்தாம் வகுப்புக்குக் கீழே 5,000 ரூபாய், பத்தாம் வகுப்பு 6,000, பன்னிரண்டாம் வகுப்பும் ஐடிஐயும் 7,000, டிப்ளமோ 8,000, பட்டம் 9,000. இரண்டாம் வருடத்தில் 10 சதவீதமும் மூன்றாம் வருடத்தில் 15 சதவீதமும் கூடும். ஒப்பந்தம் போடுகிற நாளில் நடப்பில் உள்ள விகிதம்தான் கணக்கு. அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதில் அரசின் பங்கு ஒன்று உண்டு. தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய். முன்பு அரசு இதைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தது. 2023 ஆகஸ்டிலிருந்து நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அப்படியானால் 7,000 ரூபாய்க்காரருக்குக் கம்பெனி 5,500 கொடுக்க வேண்டும், மீதி 1,500 அரசிடமிருந்து வரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பு வேறு. அரசுப் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். நீங்கள் கம்பெனியில் கொடுத்த கணக்கு ஒன்று, எட்டாம் வகுப்பில் கல்வி உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்கு இன்னொன்று. பணம் அந்தச் செத்த கணக்கில் போய் விழும், அல்லது திரும்பிப் போகும். பயிற்சியில் சேர்வதற்கு முன்பே வங்கியில் போய், ஆதார்வழிப் பணம் எந்தக் கணக்குக்கு வரும்படி இருக்கிறது என்று கேளுங்கள். 'ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது' என்று கவுண்டரில் சொன்னால் போதாது. ஆதார் எண்ணைக் கணக்கில் சேர்ப்பது வேறு, அரசுப் பணம் வரும் கணக்காக அதை வைப்பது வேறு.

அப்புறம் நம் ஊர் இனிஷியல் தொல்லை. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். பதிவு நிற்கும், பணம் நிற்கும், கடைசியில் சான்றிதழும் நிற்கும். ஆதாரில் பெயரை மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி மாற்றிக்கொண்ட பிறகு சேருங்கள். இரண்டு நாள் அலைச்சல்தான். பின்னால் வந்தால் ஆறு மாத அலைச்சல்.

கம்பெனியின் பங்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். "அரசுப் பங்கு வந்ததும் சேர்த்துத் தருகிறோம்" என்பதற்கு விதியில் இடமில்லை. பீஸ் ரேட்டில் கணக்குப் போடுவதும், டார்கெட் வைத்துப் போனஸ் திட்டத்தில் இழுத்துவிடுவதும் சட்டத்தில் நேரடியாகவே தடை. ஓவர்டைமும் அப்படித்தான்: பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ தேவை என்றால் மட்டும். லோடு இறக்குவது, டீ வாங்கி வருவது, கேட்டில் நிற்பது போன்ற பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையும் குற்றம். அபராதம் ஒவ்வொரு தடவைக்கும் 1,000 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் எழுத்தில் புகார் போனால் பல எச்.ஆர்.களுக்கு அதுவே உறைக்கிறது. அதற்கு உங்களிடம் ஆதாரம் வேண்டும். தினமும் எந்த மெஷினில், எந்த ஷிப்டில், என்ன வேலை என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

தொழிலாளி இல்லை என்பதால் அடிபட்டால் கேட்க நாதியில்லை என்று நினைக்காதீர்கள். வேலையின்போது காயம் பட்டால் தொழிலாளிக்கு உள்ளது போலவே கம்பெனி இழப்பீடு தர வேண்டும்; 16ஆம் பிரிவு. "சைக்கிளில் விழுந்தேன்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொல்வார்கள். சொல்லாதீர்கள்.

நடுவில் விலகுவது

சொல்லாமல் நின்றுவிடுவதுதான் பெரிய தப்பு. தளத்தில் உங்கள் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். அடுத்த கம்பெனி உங்களைப் பதிய முடியாது. முறையாக முடித்துக்கொள்ள ஆலோசகருக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறு உங்கள் பக்கம் என்றால் விதிப்படி கேட்கக்கூடியது மூன்று மாத உதவித்தொகை. லட்ச ரூபாய் 'பாண்ட்' என்று மிரட்டுவதெல்லாம் இந்தச் சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தை மீறியது கம்பெனி என்றால் அவர்களும் உங்களுக்கு மூன்று மாத உதவித்தொகையை இழப்பீடாகத் தர வேண்டும். இந்த இரண்டாவது வரியை எந்த எச்.ஆரும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கவும் சட்டம் அவர்களுக்கு உரிமை தரவில்லை. சரிபார்க்கக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலை வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

எந்த அலுவலகம்?

இங்கேதான் பாதிப் பேர் களைத்துவிடுகிறார்கள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போனால், உங்கள் கம்பெனி மத்திய அரசின் வரம்பு, கிண்டிக்குப் போ என்பார்கள். கிண்டியில் உள்ள மண்டல இயக்குநரகத்துக்குப் போனால், இது மாநில வரம்பு, ஊருக்குப் போ என்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் இப்படி மூன்று முறை சென்னைக்கு வந்து போனாள். பேருந்துக் கட்டணமே ஒரு மாத உதவித்தொகையில் பெரும்பங்கைத் தின்றுவிட்டது.

விதி எளிது. மத்திய அரசு நிறுவனம், பொதுத்துறை, ரயில்வே, அல்லது நான்கும் அதற்கு மேலும் மாநிலங்களில் தொழில் நடத்துகிற கம்பெனி என்றால் மத்திய அரசு வரம்பு, கிண்டி. மற்ற தனியார் கம்பெனிகள் மாநில வரம்பு; மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம். பட்டதாரி, டிப்ளமோ பழகுநர் என்றால் தரமணி. உங்கள் கம்பெனிக்கு எத்தனை மாநிலத்தில் கிளை என்று முதலில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நேரில் போனால், வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மனுவாக எழுதி, இரண்டாம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "அதெல்லாம் போடுவதில்லை" என்றால் வெளியே வந்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாநில அலுவலகம் அசையவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுங்கள்.

மனுவில் கதை வேண்டாம். ஒப்பந்த எண், சேர்ந்த தேதி, எந்த மாதப் பணம் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் யாரிடம் கேட்டீர்கள். கீழே, 'சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி இந்தத் தகராறில் முடிவெடுக்கக் கோருகிறேன்' என்று ஒரு வரி. அந்த வரி இருந்தால் அது வெறும் புகார் அல்ல, ஆலோசகர் முடிவு சொல்ல வேண்டிய தகராறு. எழுத்தில் முடிவு வந்து, அது உங்களுக்குச் சரிப்படவில்லையென்றால் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான். கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அஞ்சல் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.